சிறு ஆய்வு நல்கை பெறுவது எப்படி? தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அண்மையில் விரிவுரையாளராகவோ முதுமுனைவர் ஆய்வாளராகவோ பணியில் சேர்ந்தவருக்கு எட்டும் தூரத்தில் முதலில் இருப்பது, பல்கலைக்கழகமே வழங்கும் சிறு நல்கைதான். புலமோ ஆய்வு அலுவலகமோ தன் நிதியிலிருந்து ஒதுக்கும் இத்தொகையைப் பெரும்பாலும் ஒரே நிதியாண்டுக்குள் செலவழித்துக் கணக்கு முடித்தாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து இங்கே பணியில் சேர்ந்தவர்களையும், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பிறந்து வளர்ந்து தமிழ் படிக்கக் கற்றவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் குவாசூலு-நட்டால் வட்டாரத்தைச் சேர்ந்தவை. நடைமுறைகள் மற்ற மாகாணங்களிலும் ஏறத்தாழ இவையே.

விண்ணப்பங்களைப் படித்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். சிறு நல்கை கைநழுவுவதற்கும், கிடைத்த பின் பாதி செலவழிக்கப்படாமல் திரும்பிப் போவதற்கும் யோசனையின் தரக்குறைவு அரிதாகவே காரணமாகிறது. காலக்கணக்கு தவறுவதே பெரும்பாலும் காரணம். எனவே கீழே வரும் படிகள் அனைத்தும் நாட்காட்டியிலிருந்தே தொடங்குகின்றன.

முதற்படி: பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உயர்கல்வி மற்றும் பயிற்சித் துறை, அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் வெளியாகும் கட்டுரைகளுக்கும், அங்கீகாரம் பெறும் நூல்களுக்கும், ஆய்வுப் பட்டம் பெற்று வெளியேறும் மாணவர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கு மானியம் வழங்குகிறது. 2015ஆம் ஆண்டின் ஆய்வு வெளியீட்டுக் கொள்கையின்படி ஓர் இதழ்க் கட்டுரைக்கு மானியக் கணக்கில் ஓர் அலகு; பல நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து எழுதினால் அந்த அலகு பங்கிடப்படும். இளம் ஆய்வாளரிடம் ஒரு சிறு தொகையை ஒப்படைக்கும்போது, அவரிடமிருந்து ஒரு வெளியீடு வரும், நாளை வெளியிலிருந்து ஒரு பெரிய நல்கையும் வரும் என்ற எதிர்பார்ப்பு பல்கலைக்கழகத்துக்கு உண்டு. இந்த எதிர்பார்ப்பை அறிந்து எழுதப்படும் விண்ணப்பத்துக்கும் அறியாமல் எழுதப்படும் விண்ணப்பத்துக்கும் உள்ள வேறுபாடு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகம் தரும் இந்த உள்நல்கைக்கு அடுத்த படியில் இருக்கும் வெளிநல்கைகளையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2001 முதல் நடத்திவரும் துத்தூக்கா திட்டம் தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கென்றே அமைந்தது. முனைவர் பட்டத்துக்கு ஒரு பிரிவும், பட்டம் பெற்ற பின்னைய ஆய்வுக்கு ஒரு பிரிவும், தரமதிப்பீட்டுக்குத் தயாராவோருக்கு ஒரு பிரிவும் அதில் உண்டு. ஆய்வாளர்களைத் தரம் பிரிக்கும் அதே அறக்கட்டளையின் தரமதிப்பீட்டில், இளையவர்களுக்கான ‘ஒய்’ பிரிவுக்கு நாற்பது வயதுக்கு மேற்படாதவராகவும், முனைவர் பட்டம் பெற்று ஐந்தாண்டு நிறையாதவராகவும் இருக்க வேண்டும். அந்த ஐந்தாண்டில் ஒவ்வோர் ஆண்டும் அருமையானது என்பதால் முதல் சிறு நல்கையைத் தள்ளிப்போடுவது நல்லதன்று. மொழி, வரலாறு முதலிய மானுடப் புலத்தினரும் சமூக அறிவியல் துறையினரும் தேசிய மானுடப்புல, சமூக அறிவியல் நிறுவனத்தையும், மருத்துவம் சார்ந்தவர்கள் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் கவனித்து வர வேண்டும்.

தகுதி விதிகளை ஒரு வரிகூட விடாமல் படியுங்கள். சில நல்கைகள் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ கேட்கும். வேறு சில, நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு மட்டுமே என்றோ, நல்கைக் காலம் முடியும்வரை பணி ஒப்பந்தம் நீடிக்க வேண்டும் என்றோ சொல்லும். பணி விசாவில் வந்திருக்கும் நம்மவர்கள் பலர், விண்ணப்பம் முழுவதையும் எழுதி முடித்த பிறகுதான் இந்த வரியைப் பார்க்கிறார்கள். ஐயமிருந்தால் ஆய்வு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இங்குள்ள பல்கலைக்கழகங்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஆனால் டிசம்பர் மாதத்தை உங்கள் கணக்கில் சேர்க்கவே கூடாது. பல இடங்களில் கொள்முதல் கோரிக்கைகளுக்கான கடைசி நாள் நவம்பரிலேயே வந்துவிடும். டிசம்பர் நடுவில் நாடே விடுமுறையில் இறங்கிவிடும். எனவே அக்டோபர் முடிவுக்குள் பெரிய செலவுகள் அனைத்தும் முடிந்திருக்க வேண்டும். கற்பித்தல் சுமை குறைந்த நேரம் ஜூலை விடுமுறை; களப்பணிக்கு அதுவே தோதான காலம். ஜூலையில் களத்தில் இறங்க வேண்டுமானால், ஆய்வு அறநெறிக்கு உட்பட்டதா என்று பார்க்கும் அறநெறிக் குழுவின் அனுமதி மே மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும். அந்தக் குழு ஒரு முறையாவது திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பும் என்று வைத்துக்கொண்டால், அதற்கான விண்ணப்பம் பிப்ரவரியில் போயிருக்க வேண்டும். நல்கை முடிவு வெளியாவதற்கு முன்பே அறநெறி விண்ணப்பத்தை அனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள். பல குழுக்கள் அனுமதிக்கின்றன. இந்த ஒரு கேள்வியால் இரண்டு மூன்று மாதங்கள் மிச்சமாகும்.

துறைக்கேற்ற சிக்கல்களும் உண்டு. டர்பன் பகுதியில் மழைக்காலம் ஏறத்தாழ அக்டோபரிலிருந்து மார்ச் வரை நீள்கிறது. ஏப்ரல் 2022இல் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பிறகு உம்கேனி ஆற்றின் வண்டல் படிவுகளை ஆராய விரும்பும் ஒருவர் மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டும் என்றால், அவருடைய களப்பருவம் நிதியாண்டின் எல்லையைக் கடந்துவிடும். இத்தகைய ஆய்வுக்கு, மீதித் தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல விதிமுறை இடம் தருகிறதா என்பதை விண்ணப்பத்திலேயே எழுப்ப வேண்டும். இடம் இல்லையென்றால் கேள்வியை ஒரே பருவத்துக்குள் அடங்குமாறு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் சமூகத்துக்குள் ஆய்வு செய்பவர்கள் கோயில் நாட்காட்டியையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அந்த வாரத்தில் எந்தக் கோயில் செயலாளரிடமும் ஒப்புதல் கடிதம் கேட்டு நிற்பதில் பயனில்லை. தைப்பூசக் காவடியும் புரட்டாசி விரதமும் அப்படித்தான். பதிவு செய்யக் காத்திருப்பவருக்கு அவை பொன்னான நாட்கள். கடிதம் வாங்க வருபவருக்கு ஆகாத நாட்கள்.

மூன்றாம் படி: ஓராண்டில் விடை காணக்கூடிய ஒரே கேள்வி

சிறு நல்கையைக் கொண்டு ஒரு துறையையே ஆராய முடியாது. ஓர் எடுத்துக்காட்டை இறுதிவரை கொண்டு செல்கிறேன். இங்கே ‘சிக்ஸ்-ஃபுட் டான்ஸ்’ என்று அழைக்கப்படும் தெருக்கூத்தை ஆராய விரும்பும் ஓர் இளம் விரிவுரையாளரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய முதல் வரைவில் தலைப்பு, ‘தென்னாப்பிரிக்காவில் தமிழ் நாட்டுப்புறக் கலைகளின் நிலை’ என்று இருக்கிறது. இதைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு எத்தனை ஊர், எத்தனை பேர், எந்தக் காலம் என்பது எதுவும் தெரியாது. எனவே கேட்கும் தொகை போதுமா என்றும் அவரால் சொல்ல முடியாது.

அதே கேள்வியை இப்படிச் சுருக்கலாம்: ‘டர்பனுக்கு வடக்கேயுள்ள டொங்காட் வட்டாரத்தில் கூத்தாடிய, எழுபது வயதைக் கடந்த கலைஞர்கள், தங்கள் பாட்டையும் வசனத்தையும் எந்த எழுத்தில் எழுதி வைத்துப் பாடம் செய்தார்கள்? தமிழ் எழுத்திலா, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலா, அல்லது கேட்டே மனனம் செய்தார்களா?’ இப்போது ஊர் தெரிகிறது, ஆட்களின் எண்ணிக்கையை மதிப்பிட முடிகிறது, குறிப்பேடுகள் என்ற திட்டவட்டமான தரவும் கிடைக்கிறது. வயது முதிர்ந்தவர்கள் என்பதால் இந்த ஆண்டே ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கும் விடை உள்ளேயே அமைந்துவிடுகிறது. இதன் முடிவிலிருந்து, தமிழ்ப் பள்ளிகள் குறைந்த பிறகு மொழி எவ்வாறு கலை வழியாகக் கடத்தப்பட்டது என்ற பெரிய கேள்விக்கு அடுத்த நல்கையில் போகலாம். பெரிய கேள்வியை ஒரே ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டால் போதும்.

ஆவணம் சார்ந்த ஆய்வுக்கும் இதே அளவுகோல்தான். 1860க்கும் 1911க்கும் இடையில் நட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் என்று பதிவு இருக்கிறது. முழுப் பட்டியலையும் ஆராய்வேன் என்று எழுதாதீர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த கப்பல்களில் ஒரு குறிப்பிட்ட ஐந்தாண்டு, ஒரு குறிப்பிட்ட மாவட்டம் என்று எல்லை வகுத்துக்கொண்டால் ஓராண்டில் முடியும்.

நான்காம் படி: அனுமதிகள்

இந்தப் படியில்தான் மிக அதிகமான காலம் போகிறது. ஆனால் விண்ணப்பங்களில் மிகக் குறைவாக எழுதப்படுவதும் இதுவே. மனிதர்களிடம் பேட்டி எடுக்கும் எந்த ஆய்வுக்கும் அறநெறிக் குழுவின் ஒப்புதல் கைக்கு வருவதற்கு முன் ஒரு பேட்டிகூட எடுக்கக் கூடாது; முன்கூட்டியே எடுத்த பதிவைப் பின்னர் தரவாகப் பயன்படுத்த அனுமதி கேட்டாலும் கிடைக்காது. உடல்நல ஆய்வுகளுக்கு 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின்படி பதிவு பெற்ற குழுவே ஒப்புதல் தர வேண்டும்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழு வீச்சில் செயல்படுகிறது. பெயர், குரல் பதிவு, இனம், மதம் ஆகிய அனைத்தும் அதன் வரம்புக்குள் வருகின்றன. பதிவுகளை எங்கே சேமிப்பீர்கள், யார் திறக்க முடியும், எப்போது அழிப்பீர்கள் அல்லது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைப்பீர்கள் என்பதை மூன்று நான்கு வரிகளில் தெளிவாக எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் கலைஞர்கள் தங்கள் பெயர் வெளியில் தெரிய வேண்டும் என்றே விரும்பக்கூடும். வாழ்நாள் முழுவதும் ஆடிய ஒருவரைப் ‘பங்கேற்பாளர் 4’ என்று குறிப்பிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எனவே பெயர் குறிப்பிடச் சம்மதம், மறைக்கச் சம்மதம் என்ற இரண்டு தெரிவுகளையும் இசைவுப் படிவத்தில் வையுங்கள். படிவம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். டர்பன் முதியவர்களில் பலர் தமிழ் பேசுவார்கள், ஆனால் ஆங்கிலத்தில்தான் படிப்பார்கள். எளிய ஆங்கிலப் படிவத்தைக் கையில் கொடுத்து, தமிழில் வாயால் விளக்கி, அந்த விளக்கத்தையும் பதிவு செய்துகொள்வதாக எழுதலாம். சூலு மொழி பேசுவோரும் பங்கேற்றால் சூலு மொழிப் படிவம் தேவை. மொழிபெயர்ப்புக் கட்டணத்தைச் செலவுத் திட்டத்தில் சேருங்கள்.

கோயில், பள்ளி, முதியோர் இல்லம், மருத்துவமனை என்று எந்த நிறுவனத்தின் வழியாக ஆட்களைச் சந்தித்தாலும் அந்த நிறுவனத்தின் ஒப்புதல் கடிதத்தை அறநெறிக் குழு கேட்கும். கோயில் நிர்வாகக் குழு மாதம் ஒரு முறைதான் கூடும் என்றால் ஒரு கூட்டம் தவறினாலே ஒரு மாதம் போய்விடும். செயலாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவதோடு நிற்காமல், அவர்கள் கையெழுத்திட ஏற்றவாறு அரைப்பக்கக் கடித வரைவையும் நீங்களே எழுதிக்கொண்டு நேரில் போங்கள். தலைப்பு, நாள், எத்தனை பேரைச் சந்திப்பீர்கள், கோயிலின் பெயர் வெளியிடப்படுமா என்ற நான்கும் அதில் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: செலவுத் திட்டம்

என் பார்வையில் விண்ணப்பத்தின் மிக நேர்மையான பகுதி செலவுத் திட்டமே. முறை விளக்கத்தில் சொல்லாத ஒன்றுக்குப் பணம் கேட்டாலும், சொன்ன ஒன்றுக்குப் பணம் கேட்காமல் விட்டாலும் மதிப்பீட்டாளர் உடனே கண்டுகொள்வார். ‘பயணம்: 8,000 ராண்ட்’ என்று ஒற்றை வரியாக எழுதுவது ஊகமாகத்தான் தெரியும். கணக்கு எப்படி வந்தது என்று காட்டுங்கள்.

கூத்துக் கலைஞர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். இங்கே நான் போட்டிருக்கும் விகிதங்கள் விளக்கத்துக்கு மட்டுமே, உங்கள் பல்கலைக்கழகத்தின் விகிதங்களையே நீங்கள் இட வேண்டும். எட்டுக் கலைஞர்கள், ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை, ஆக 16 பயணங்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலிருந்து டொங்காட் போய்வர ஏறத்தாழ 90 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 1,440 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 4 ராண்ட் வீதம் 5,760 ராண்ட். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்கு மூன்று முறை, போய்வர 160 கிலோமீட்டர் வீதம் 1,920 ராண்ட். மரியான்ஹில் சுங்கக் கட்டணத்தையும் தனியே காட்டலாம். ஒலிப்பதிவுக் கருவி 5,000 ராண்ட் என்று விலைப்பட்டியலில் இருந்தால் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியோடு 5,750 ராண்ட். வரியைச் சேர்க்க மறப்பது மிகப் பரவலான பிழை.

எழுத்தாக்கத்துக்கு வருவோம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவரக் குறைந்தது நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். தமிழும் ஆங்கிலமும் சூலுச் சொற்களும் கலந்த பேச்சுக்கு மேல் எல்லையையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேரப் பதிவுக்கு 72 மணி நேர உழைப்பு; மணிக்கு 150 ராண்ட் என்றால் 10,800 ராண்ட். ஆக மொத்தம் 24,230 ராண்ட். இதில் பாதிக்குச் சற்றே குறைவான தொகை எழுத்தாக்கத்துக்கே போகிறது என்பதைப் பாருங்கள். அனுபவமற்ற விண்ணப்பங்களில் கருவிக்குப் பெரிய தொகையும் எழுத்தாக்கத்துக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கும். ஆண்டு முடிவில் கேட்கப்படாத பதிவுகள் மட்டுமே கணினியில் மிஞ்சும்.

எழுத்தாக்கத்தைத் தமிழ்நாட்டிலுள்ள ஒருவரிடம் மலிவாகச் செய்துகொள்ளலாம் என்று தோன்றும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டது. பல்கலைக்கழக நிதி அலுவலகம் கேட்கும் தாள்களும் பல. மேலும் டொங்காட் பேச்சுத் தமிழ் அங்குள்ளவருக்குப் புரிய நேரம் பிடிக்கும். இங்கேயே தமிழ் தெரிந்த ஒரு முதுகலை மாணவருக்கு அந்த வேலையைக் கொடுத்தால் மாணவர் பயிற்சி என்ற நோக்கமும் நிறைவேறும். மதிப்பீட்டாளர்கள் அதை மிகவும் மதிக்கிறார்கள்.

ஆய்வகத் துறையினர் டாலரிலோ யூரோவிலோ விலையிடப்படும் வேதிப்பொருட்களுக்கு விலைப்புள்ளி செல்லுபடியாகும் நாளைக் கவனிக்க வேண்டும். ராண்டின் மதிப்பு மாறும் வேகத்தில் மூன்று மாதத்துக்கு முந்தைய விலைப்புள்ளி பற்றாக்குறையில் கொண்டுவிடும். மின்வெட்டில் குளிர்பதனப் பெட்டி நின்றுபோனால் மாதிரிகளை எங்கே மாற்றுவீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

கட்டுரையை வெளியிட இதழ்கள் கேட்கும் கட்டணத்தை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். தென்னாப்பிரிக்க நூலகங்களின் கூட்டமைப்பான சான்லிக், பெரிய பதிப்பகங்கள் பலவற்றுடன் திறந்த அணுக்க (எவரும் கட்டணமின்றிப் படிக்கும் வகையில் வெளியிடும்) ஒப்பந்தங்கள் செய்திருக்கிறது. முதலில் உங்கள் நூலகரிடம் கேளுங்கள். மடிக்கணினி, கைப்பேசி, சொந்த ஊதியம் ஆகியவற்றைப் பெரும்பாலான உள்நல்கைகள் ஏற்பதில்லை.

ஆறாம் படி: எழுதுதல்

நல்கை விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் இருப்பவர்களில் ஒருவரோ இருவரோதான் உங்கள் துறைக்கு அருகில் இருப்பார்கள். மற்றவர்கள் பொறியாளராகவோ சட்டத்துறையினராகவோ இருக்கலாம். எனவே முதல் பத்தியில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: எதை அறிய விரும்புகிறீர்கள், அது இதுவரை ஏன் அறியப்படவில்லை, எந்தத் தரவைக் கொண்டு அறிவீர்கள், டிசம்பருக்குள் என்ன கையில் இருக்கும். துறையின் வரலாற்றை விரித்து எழுதுவது ஆய்வேட்டுப் பழக்கம். இங்கே அதற்கு இரண்டு பத்திக்கு மேல் இடம் தராதீர்கள்.

முறை விளக்கத்தை வினைச்சொற்களால் எழுதுங்கள். ‘பண்புசார் அணுகுமுறை பின்பற்றப்படும்’ என்ற தொடர் எதையும் சொல்வதில்லை. ‘ஒவ்வொரு கலைஞரையும் முதல் சந்திப்பில் ஒன்றரை மணி நேரம் பேட்டி எடுப்பேன், இரண்டாம் சந்திப்பில் அவருடைய குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, ஒரு காட்சியைப் பாடச் சொல்லி, எழுத்துக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாடுகளைக் குறிப்பேன்’ என்று எழுதினால் படிப்பவர் கண்முன் வேலை நடக்கும். எட்டுப் பேரில் இருவர் மறுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வெரூலத்திலோ சாட்ஸ்வர்த்திலோ மாற்று ஆட்கள் உண்டா என்று முன்பே விசாரித்திருந்தால் அதைக் குறிப்பிடுங்கள்.

வெளியீட்டு வாக்குறுதியில் அடக்கம் தேவை. ஓர் இதழ்க் கட்டுரை, ஒரு மாநாட்டு உரை என்பது நம்பத்தக்கது. கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவீர்கள் என்று பெயரிட்டு, அது உயர்கல்வித் துறையின் அங்கீகாரப் பட்டியல்களில் உள்ளதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் உங்கள் துறை சாராத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் உங்கள் கேள்வியைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் முதல் பத்தியை மீண்டும் எழுத வேண்டும்.

ஏழாம் படி: ஒப்புதல்களும் பதிவேற்றமும்

துறைத்தலைவரின் கையெழுத்து, தேவைப்பட்டால் கற்பித்தல் பொறுப்புக் குறைப்புக்கான உறுதி, சுருக்கமான தன்விவரம், ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண், விலைப்புள்ளிகள் ஆகியவற்றைத் திரட்டி வையுங்கள். வெளிநல்கையாக இருந்தால் பல்கலைக்கழகம் வைக்கும் உள் கடைசி நாள், நல்கை தரும் நிறுவனத்தின் கடைசி நாளுக்குப் பல நாட்கள் முந்தியது என்பதை மறக்க வேண்டாம். உள் கடைசி நாள் தவறினால் விண்ணப்பம் பல்கலைக்கழகத்தை விட்டே வெளியேறாது.

எட்டாம் படி: நல்கை கிடைத்த பின்

வாழ்த்துக் கடிதம் வந்த அன்றே நிதி அலுவலகத்திடம் செலவுக் கணக்கு எண் கேளுங்கள். அது திறக்கப்படாமல் ஒரு ராண்ட்கூடச் செலவழிக்க முடியாது. விற்பனையாளர் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் இல்லையென்றால் அவரைப் பதிவு செய்யவே வாரக்கணக்கில் ஆகும். ஆகவே கருவி வாங்குவதை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டுப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். முன் ஒப்புதல் இல்லாத செலவைப் பல அலுவலகங்கள் திருப்பித் தருவதில்லை. உதவி மாணவரின் பணி ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் அவரை வேலை செய்யச் சொல்வதும் கூடாது. ஊதியம் தாமதமாவது இளையவர்களுக்கு உண்மையான துன்பம்.

ஜூன் முடிவில் ஒரு முறை கணக்குப் பாருங்கள். செலவு திட்டமிட்டதற்கு வெகுவாகக் குறைந்திருந்தால், ஒரு தலைப்பிலிருந்து மற்றொரு தலைப்புக்குப் பணத்தை மாற்ற எழுத்துமூல அனுமதி கேளுங்கள். ஜூலையில் கேட்டால் எளிதாகக் கிடைப்பது நவம்பரில் கிடைக்காது.

மறுக்கப்பட்டால்

மதிப்பீட்டுக் குறிப்புகளை எழுதிக் கேட்டு வாங்குங்கள். குழு தானாக அனுப்பாவிட்டாலும் கேட்டால் பெரும்பாலும் தரும். கேள்வி விரிந்துவிட்டது, செலவு விளக்கப்படவில்லை, அனுமதி உறுதியில்லை என்ற மூன்றில் ஒன்றாக இருந்தால் அடுத்த சுற்றில் சரிசெய்துவிடலாம். அறநெறி அனுமதி ஏற்கெனவே கையில் இருந்தால் இரண்டாம் முறை உங்கள் விண்ணப்பம் மிகவும் வலுவாக நிற்கும்.

கடைசிப் படி: அறிக்கையும் அடுத்த நல்கையும்

இறுதி அறிக்கையில் செய்வதாகச் சொன்னதையும் செய்ததையும் அருகருகே வைத்து எழுதுங்கள். மாறிய இடங்களில் ஏன் மாறியது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். எட்டுக்குப் பதில் ஆறு பேரைத்தான் சந்தித்தீர்கள் என்றாலும் குறிப்பேடுகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தன என்றால் அது நல்ல ஆய்வே. இந்த அறிக்கையின் இரண்டு பத்திகளும் ஒரு வரைபடமும் துத்தூக்கா விண்ணப்பத்தின் முன்னாய்வுப் பகுதியாக அப்படியே பயன்படும் வகையில் எழுதினால் இரட்டை வேலை மிச்சம்.

பதிவுகளின் படி ஒன்றைக் கலைஞர்களின் குடும்பத்துக்குக் கொடுங்கள். அவர்கள் சம்மதித்திருந்தால் இன்னொரு படியை வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் போன்ற காப்பகத்தில் ஒப்படையுங்கள். ஒப்படைப்புக் கடிதத்தின் நகலை அறிக்கையோடு இணைத்து ஆய்வு அலுவலகத்துக்கு அனுப்பிய பிறகே கணக்கை மூடச் சொல்லுங்கள்.